வாசனை இல்லாத பசை

என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "மேடம், சரக்கு துறைமுகத்துல வந்து நிக்குது." அதைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டைக் கட்டிக் குடியும் போன பிறகு மனை யாருடையது என்று விசாரிக்கிற ஆட்கள். டிரம் டிரம்மாக எதையோ கப்பலில் ஏற்றிவிட்டு, அது இந்த நாட்டுக்குள் வரலாமா கூடாதா என்று அப்புறம் என்னிடம் கேட்பார்கள். நான் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவேன். இருந்தும் வருகிறார்கள். திட்டினாலும் வேலையில் பிசகு இருக்காது என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வேலை இதுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு ரசாயனத்தை வரவழைக்க நினைக்கிறவருக்கு, அது தடை செய்யப்பட்டதா, அனுமதி வாங்கிக் கொண்டுவர வேண்டியதா, தாராளமாகக் கொண்டுவரலாமா, அல்லது இந்த நாடு இதுவரை கண்ணால் பார்த்திராத புதுச் சரக்கா என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வது. விசேஷ வீடுகளில் என் வேலையைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. இப்போது ரசாயனத்தின் எண்ணைத் தட்டினால் பதில் திரையில் வந்து விழுகிறது. நான் இதைக் கற்றுக்கொண்டது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தலையணை கனத்துக்கு இருந்த புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு. அந்த மேஜையை நினைக்காமல் எனக்கு ஒரு வாரமும் போவதில்லை.

அக்காவும் அவள் கணவரும் ஷூ கம்பெனிகளுக்குப் பசை செய்து கொடுத்தார்கள். ஷூவின் மேல்தோலையும் சோல் என்கிற அடிப்பாகத்தையும் சேர்த்து ஒட்டுகிற பசை. அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வக்கீலம்மா என்பார். படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தவளுக்கு, கடிதப் போக்குவரத்தையும் வெளியாட்களோடு மல்லுக்கட்டுவதையும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது எனக்கு இயல்பாகவே வந்தது.

வீடும் பட்டறையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அந்தச் சுவர் இருந்தென்ன, பசையைக் கரைக்க ஊற்றுகிற தின்னரின் வாசனைக்குச் சுவர் ஏது? கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம், முதல் மூச்சில் தலை லேசாகிற மாதிரி இருக்கும். தலையணை உறையில், துண்டில், குழம்பில் எல்லாம் அதுதான். நான் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறப்பார். அது விஷம் என்று இன்று எனக்கு ஊருக்கே பாடம் எடுக்கிற அளவுக்குத் தெரியும். ஆனாலும் எங்கேயாவது செருப்பு ரிப்பேர் கடையைத் தாண்டும்போது அது மூக்கில் பட்டுவிட்டால் கால் தானாக நின்றுவிடுகிறது. அக்காவின் கறுத்த முடி, மாமாவின் பாட்டு, ஒன்றுக்கும் கவலைப்படாத என் வயது எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. விஷத்துக்குப் போய் ஏங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும்.

மாமா பசையைக் காதால் பார்ப்பார். கலக்கி முடிந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு வைத்து, காதருகே கொண்டுபோய், மெல்ல விரலைப் பிரிப்பார். பசை நூலாக இழுபட்டு அறும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும். எங்கள் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் தலையை ஆட்டி, "பேசுது," என்பார். உடனே பட்டறை மேஜைகளில் வேலை செய்கிற பெண்கள் டின்களை வரிசைப்படுத்த ஆரம்பிப்பார்கள். "இன்னும் முனகிக்கிட்டுத்தான் இருக்கு," என்றால் அவர்களுக்குத் தேநீர் குடிக்க நேரம் கிடைத்தது என்று அர்த்தம்.

ஒரு சாயங்காலம் மாமா கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வாசலில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏய், இங்க வந்து பாருடி! ஊருக்கெல்லாம் சோல் ஒட்டுறவரு சொந்தச் செருப்பைத் தொலைச்சுட்டு வர்றாரு!"

மாமா குனிந்து காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பாதம் முழுக்க அழுக்கு. பெருவிரலுக்குக் கீழே கண்ணாடியோ ஆணியோ கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. காலில் கிழித்ததும் தெரியவில்லை. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவரைப் பிடித்து உட்காரவைத்துக் காலைக் கழுவினாள். அவள் கழுவுவதும் அவருக்குத் தெரியவில்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தே நான் புரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாதக்கணக்காகக் காலில் தடித்த காலுறை போட்ட மாதிரியே இருந்திருக்கிறது. விரல் நுனிகளும் மரத்துப் போயிருக்கின்றன. சட்டையை விட்டுப் பனியனுக்கு மாறினாரே, வெயிலுக்குச் சுகமாக இருக்கிறதென்று, அது பட்டன் போட முடியாமல். பசையை விரலால் உணர முடியாததை அந்தக் காது வித்தை மறைத்துவிட்டது.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். கடைசியில், "என்ன தொழில் பண்றீங்க?" என்றார். சொன்னதும், "தின்னர் உங்க நரம்பைத் தின்னுக்கிட்டு இருக்கு. அதை விட்டீங்கன்னா கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரலாம். விடலைன்னா திரும்பாது," என்றார்.

"விட்டா பட்டறை திரும்பாதே டாக்டர்," என்றார் மாமா. டாக்டர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அங்கிருந்தே அதிகாரம் பண்ணினார். பிறகு நாற்காலி வாசற்படியைத் தாண்டியது. பிறகு ஆளே உள்ளே போய்விட்டார். மேஜைப் பெண்களில் இரண்டு பேர் தங்களுக்கும் காலில் எறும்பு ஊர்கிறது என்று அக்காவிடம் சொன்னார்கள். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. தின்னர் இல்லாத பசை ஒன்று இந்த உலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று தேட ஆரம்பித்தாள்.

இருந்தது. ஷூ கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறவர் சொன்னார், வெளிநாட்டில் ஒரு பிசின் செய்கிறார்களாம், தண்ணீரிலேயே கலக்கிப் பசையாக்கிவிடலாமாம். சோதனைக்கென்று சின்ன அளவில் வரவழைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதால் ஒரு கேன் வந்து சேர்ந்தது. பால் மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. மாமா கலக்கினார், விரலில் எடுத்துக் காதில் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

"பேசவே மாட்டேங்குது. ஊமைப் பசை. உப்பில்லாத சோறு மாதிரி இருக்கு, இதைப் போய் எவன் வாங்குவான்?"

மறுநாள் காலை அதில் ஒட்டிய சோலை இரண்டு குறடு வைத்து இழுத்தார். அவரும் பட்டறை ஆளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தோல் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. கிழிந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊமைதான் வக்கீலம்மா. ஆனா பிடி உங்கக்கா பிடி," என்றார்.

இனி அதை டிரம் கணக்கில் இறக்க வேண்டும். இறக்கலாமா? அங்கேதான் என் வேலை ஆரம்பித்தது. கேனின் மேல் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் போட்டிருந்தது, அது விற்கிறவன் வைத்த செல்லப்பெயர். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற ஓர் எண் உண்டு. ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர் இருக்கலாம், எண் ஒன்றுதான். அந்த எண்ணைக் கொடு என்றால், அது எங்கள் ரகசியம் என்று பதில் வந்தது. நான் ஃபேக்ஸுக்கு மேல் ஃபேக்ஸாக அனுப்பிச் சண்டை போட்டேன். சுருண்டு சுருண்டு வந்து விழுகிற அந்தக் காகிதங்களை மாமா மடியில் வைத்து நீவிக் கொடுப்பார். வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒருவழியாக எண்ணைக் கொடுத்தார்கள்.

நாட்டுக்குள் புழங்கலாம் என்று ஏற்கப்பட்ட எல்லா ரசாயனங்களின் பட்டியலையும் அரசாங்கம் புத்தகமாகப் போட்டிருந்தது. வெங்காயத் தோல் மாதிரித் தாள், கடுகு மாதிரி எழுத்து. சாப்பிட்ட தட்டுகளை எடுத்த பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். அக்கா எண்ணைப் படிப்பாள், நான் தேடுவேன். பிறகு புத்தகத்தை அவளிடம் தள்ளிவிட்டு நான் படிப்பேன், அவள் தேடுவாள். ஓர் இலக்கம் மாறினால் வேறு பொருளாகிவிடும், அதனால் ஒருத்தி கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். எண் மறந்துவிடாமல் இருக்க மாமா அதற்கு மெட்டுப் போட்டுவிட்டார். ஏழு, ஒன்பது, மறுபடி ஏழு என்று அவர் இழுத்துப் பாட, அக்கா சிரித்துச் சிரித்து வரியைத் தவறவிடுவாள். "வாயை மூடிட்டு இருக்கீங்களா, இல்ல உள்ள போறீங்களா?" என்பாள். இரண்டும் நடக்காது. இந்த வேலையை நான் இன்று குளிர்சாதன அறையில் தனியாக உட்கார்ந்து செய்கிறேன், யாரும் பாடுவதில்லை.

பழக்கத்துக்காக முதலில் எங்கள் தின்னரைத் தேடிப் பார்த்தோம். சட்டென்று கிடைத்தது. எந்த நிபந்தனையும் இல்லை, ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. தாராளமாக வரலாம் போகலாம். முன்னுரையைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதன்முதலில் பட்டியல் போட்டபோது நாட்டில் அதுவரை புழங்கிய எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் உள்ளே சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் வருவதுதான் தான் நல்லது என்று நிரூபிக்க வேண்டும்.

"இது என்ன அநியாயம்! கையைக் காலை முடக்குறது ஜம்முனு உள்ள இருக்கு!" என்று நான் மேஜையைத் தட்டினேன்.

"பழைய குடித்தனக்காரன்மா. அவனை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றார் மாமா.

பிசினின் எண் பட்டியலில் இல்லை. மாறி மாறிப் படித்தோம், முன்னாலும் பின்னாலும் பார்த்தோம். இல்லவே இல்லை. இல்லையென்றால் அது புதுப் பொருள். மீனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில் சோதனை. பட்டறையையும் வீட்டையும் விற்றாலும் அதற்குக் காணாது. அக்கா புத்தகத்தை மூடிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

நான்தான் முன்னுரையை மறுபடி படித்தேன். சில பொருள்களின் எண்கள், கொண்டுவந்தவர்களின் தொழில் ரகசியம் கருதி, புத்தகத்தில் அச்சிடப்படுவதில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. அதாவது அச்சிட்ட பட்டியலுக்குப் பின்னால் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அது அலுவலகத்தில் மட்டும் இருக்கும். எங்கள் பிசின் அதில் இருந்துவிட்டால் நாளைக்கே இறக்கலாம். இருக்கிறதா என்று கேட்டால் சொல்வார்கள், ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் ஆழம் பார்க்கக் கேட்டுவிடக் கூடாதே! உண்மையாகவே இறக்குமதி செய்யப்போகிறவர்களுக்கு மட்டும்தான் பதில்.

விண்ணப்பம் எழுதினோம். நோக்கம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: "இறக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்வதற்காக."

திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறுமனே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குப் பதிலளிக்க இயலாது, இறக்குமதி செய்யும் உண்மையான உத்தேசம் இருப்பதை நிறுவுக என்று எழுதியிருந்தது. எங்கள் பதிலைவிட நேர்மையான பதிலை அந்தக் கட்டம் அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது என்று இன்றும் சொல்வேன். இறக்கலாமா என்று தெரியாமல் எப்படி இறக்குகிற உத்தேசம் வரும்? உத்தேசம் இல்லாமல் இறக்கலாமா என்று சொல்ல மாட்டார்களாம். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்திக்கொண்டிருந்தபோது, அக்கா பேசாமல் போய்த் தொலைபேசியை எடுத்தாள். தின்னர் சப்ளை செய்கிறவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இனிமே டிரம் அனுப்ப வேண்டாம். இல்லண்ணே, அடுத்த மாசமும் வேண்டாம். இனிமே வேண்டாம். அதை அப்படியே கடிதமா எழுதி அனுப்பறேன், வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

மாமா பதறிப்போனார். "பதில் வர்றதுக்கு முன்னாடியேவா? இல்லைன்னு வந்துட்டா என்ன பண்ணுவ?"

"ரத்தம் வர்றது தெரியாம நடந்து வந்தீங்களே, அன்னிக்கே நான் நிறுத்திட்டேன். அவங்களுக்கு உத்தேசம்தானே வேணும்? காட்டிடுவோம்."

இந்த முறை விண்ணப்பம் ஒரு கோப்பு ஆனது. எந்தப் பசை, எவ்வளவு, எந்தத் தொட்டியில் கலப்போம், கேன்களை எங்கே வைப்போம், யார் தொடுவார்கள், குறடு வைத்து இழுத்த சோதனையில் என்ன நடந்தது, எல்லாம் எழுதினேன். தின்னரை நிறுத்திய கடிதத்தையும் மேலே வைத்தேன். தபாலை நம்பாமல் மூன்று பேரும் நேரிலேயே போனோம். மாமா அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டார். பட்டன்களை அக்கா போட்டுவிட்டாள்.

அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்பு நாற்காலிகள், சுவரோரம் கயிறு கட்டிய கோப்புகள், சத்தம் போடுகிற மின்விசிறி. எங்கள் விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர் அம்மாவுக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. "மேல இருக்கறது அச்சிட்ட பட்டியலுக்கு, கீழ இருக்கறது அச்சிடாததுக்கு," என்று மாமா என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து ஒரு பக்கம் விடாமல் படித்தார். தின்னர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சரியா இருக்கு. நிறுவனத்தோட பொறுப்பாளர் யாரு?"

"நான்தாம்மா," என்றார் மாமா.

"என் முன்னால இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாமாவின் கையெழுத்து எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, வளைந்து, முதல் எழுத்து வரைக்கும் திரும்பி வந்து ஒரு சுழி சுழிக்கும். பட்டறை உரிமத்தில் அப்படித்தான் போட்டிருந்தார். அதன் நகல் அந்தம்மாவின் முன்னால் இருந்தது. மாமா பேனாவை வாங்கினார். பேனா விரலில் நிற்கவில்லை, நழுவியது. உள்ளங்கையால் சேர்த்துப் பிடித்து எழுதினார். அந்தம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து இல்லையே."

"பேனா சரியில்லைம்மா," என்றார் மாமா. வேறு பேனா கொடுத்தார்கள். இன்னொரு தாளும் கொடுத்தார்கள். வால் கிளம்பும், பாதி வழியில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

"பொறுப்பாளர் கையெழுத்து பதிவுல இருக்கற மாதிரி இல்லைன்னா நான் வாங்கிக்க முடியாது. வேற யாராவது வந்து போட்டுட்டுப் போயிட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

எனக்கு வந்ததே கோபம்! "வேற யாராவதுன்னா? உங்க எதிர்ல உக்காந்துதானே போடறாரு? ஆளைப் பாருங்க, காகிதத்தை மட்டும் பார்த்தா எப்படி? கைநாட்டாவது வாங்கிக்கங்க!"

"படிச்சவங்களுக்குக் கைநாட்டு கிடையாதும்மா. கத்தாதீங்க," என்றார் அவர்.

மாமா என் கையைத் தொட்டார். பிறகு அந்தம்மாவைப் பார்த்து, வீட்டில் எங்களிடம் ஒருநாளும் பேசாத குரலில் சொன்னார். "அவங்க சொல்றது சரிதான் வக்கீலம்மா. அந்தக் கையெழுத்தைப் போட்ட கை இப்ப என்கிட்ட இல்லைம்மா. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். விரல்கள் நேராக நிற்கவில்லை. அவ்வளவு நாளும் கேலியும் பாட்டுமாக எங்களை ஏமாற்றிவிட்டிருக்கிறார். இவ்வளவு தூரம் போய்விட்டது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தம்மா நெற்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதியை அவர் வளைக்கவில்லை. ஆனால் மேஜை இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். "பொறுப்பாளரை மாத்தலாம். நீங்க விலகிக்கறேன்னு ரெண்டு சாட்சி முன்னால வாயால சொன்னாப் போதும். இவங்க உங்க மனைவிதானே? இவங்க போடலாம்."

"நான் போட மாட்டேன்," என்றாள் அக்கா உடனே. "அது அவர் பட்டறை. ஒத்தை டிரம்ல ஆரம்பிச்சது. பலகையில இருந்து பில் வரைக்கும் அவர் பேர்தான். நான் போட மாட்டேன்."

"போடு."

"மாட்டேங்க. வேற எதுனாச்சும் வழி இருக்கும். இவ பேசட்டும்."

"இவ பேசினது போதும்," என்றார் மாமா. எனக்குச் சுருக்கென்றது. "இந்தா பாரு. வீட்ல அடுப்புல இருந்து ஆட்கள் வரைக்கும் எல்லாத்துக்கும் நீதானே பொறுப்பு? ஊருக்கே தெரியும். காகிதத்துல எழுதறதுக்கு மட்டும் என்ன வெக்கம்? போடும்மா."

அக்கா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். அவளுடையது பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும், வால் எல்லாம் கிடையாது. அந்தம்மா முத்திரை குத்தினார். மை சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை குத்தினார். "பதில் வரும்," என்றார்.

காத்திருந்த காலம் கொடுமை. பழைய தின்னர் தீர்ந்தது, கலக்கும் தொட்டி காய்ந்தது. மேஜைப் பெண்கள் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஷூ கம்பெனிக்காரர் இனியும் பொறுக்க முடியாது, வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார். சுவரிலிருந்து வாசனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது. ஒருநாள் குழம்பு குழம்பாகவே மணந்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வீட்டுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார் மாமா. இல்லை என்று பதில் வந்தால் அந்த வாசனையைத்தான் மறுபடி வரவழைக்க வேண்டும், அவர் கையைப் பணயம் வைத்து. அக்கா அதைப் பற்றிப் பேசவே விடவில்லை.

பதில் நல்லபடியாக வந்தது. பிசினும் கப்பலில் வந்தது. பசை ஊமையாகவே வியாபாரமானது. மேஜைப் பெண்களின் காலில் எறும்புகள் நின்றன. மாமாவின் கால்களில் மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பியது, முதன்முதலாகச் சூடான தரையில் கால் சுட்டபோது வீடே கேட்கிற மாதிரி கத்திவிட்டுச் சிரித்தார். கைகள் பாதிதான் திரும்பின. பேனா கடைசிவரை அவர் விரலில் நிற்கவில்லை. அவர் போன பிறகும் பலகையில் அக்கா பெயரை மாற்றவில்லை. எனக்கு அந்தப் பட்டறையிலிருந்து மற்ற பட்டறைகள், கம்பெனிகள் என்று இந்த வேலையே வாழ்க்கையாகிவிட்டது.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது பதில் வந்த அந்த மத்தியானம்தான். ஒரே வரி. தாங்கள் கேட்ட பொருள் பட்டியலில் உள்ளது. நான் துள்ளிக் குதித்தேன், அக்காவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். மேஜைப் பெண்கள் ஓடி வந்தார்கள். மாமா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார்.

"அச்சிடாத பட்டியல்லதானே இருக்கு? அப்படின்னா என்ன அர்த்தம் வக்கீலம்மா?"

"நமக்கு முன்னாடியே யாரோ இதைக் கொண்டுவந்திருக்காங்க மாமா. எண்ணை வெளிய போடாதீங்கன்னு கேட்டு மறைச்சு வச்சிருக்காங்க."

"எப்ப இருந்து?"

"அது சொல்ல மாட்டாங்க. நம்ம புத்தகம் அச்சாகறதுக்கு முன்னாடியே இருக்கணும். வருஷக்கணக்கா இருக்கும்."

சொல்லச் சொல்லத்தான் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது. இந்தப் பிசின் இந்த நாட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. நாங்கள் தின்னரை முகர்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு நாளும் எங்கேயோ ஒரு பட்டறையில் இதைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவிங்க," என்றேன். "வியாபார ரகசியமாம், ரகசியம்! ஒருத்தன், ஒரே ஒருத்தன் வெளிய சொல்லியிருந்தா உங்க கை..." மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்காவும் அழுதாள்.

மாமா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அங்க இதைக் கலக்குறவனுக்குக் கை நல்லாத்தானே இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும் மாமா."

"இத்தனை நாளா நான் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும், இந்தத் தொழில்னா இதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "ஒருத்தனாவது தப்பிச்சிருக்கான். எனக்கு அது சந்தோஷமாத்தான் இருக்கு. நீ ஏன் அழுவுற?"